தும்மாத அறை

கிடங்குக்குள் காலடி வைத்த மாத்திரத்தில் அவனுக்கு முதல் தும்மல் வந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அதன் கையைப் பிடித்துக்கொண்டே வந்தன. மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அலுவலகத்தில் அவனுக்குத் தும்மல் என்றே பெயர் விழுந்து வெகு காலமாகிவிட்டது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயரை இப்போது சம்பளச் சீட்டு மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கிறது.

"இந்த மூக்கைப் பார்த்த பிறகும் தானியத்தைத் துப்பறியற வேலைக்கு என்னை எடுத்தாங்க பாருங்க மேடம், முதல்ல அவங்களை விசாரிக்கணும்," என்றான் கைக்குட்டைக்குள்ளிருந்து.

மேடம் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஐம்பதைத் தாண்டிய, ஒல்லியான, ஓரிடத்தில் நிற்கத் தெரியாத பெண்மணி அவர். பயிரில் வரும் விஷப் பூஞ்சை உலகத்தில் எங்கிருந்து எங்கே போகிறது என்று துரத்திக்கொண்டு திரியும் ஒரு பிரிவுக்குத் தலைவி. பிரிவு என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். அவரும் தும்மலும் ஒரு கிழட்டு ஜீப்பும்தான். முதுகுக்குப் பின்னால் அவரைப் பூசணம் என்பார்கள். அது அவருக்கும் தெரியும். பூசணத்தை அவர் கெட்ட வார்த்தையாக நினைக்காததால் கோபப்படுவதில்லை.

அவர்கள் அலுவலகச் சுவரில் ஓர் உலக வரைபடம் தொங்குகிறது. அதில் மூன்று சிவப்புக் குண்டூசிகள் குத்தியிருக்கின்றன. முதல் குண்டூசி இருக்கும் நாட்டில் விடுதிப் பிள்ளைகள் சாப்பிட்ட கையோடு வாந்தி எடுத்துச் சுருண்டார்கள். இரண்டாவதில் ஒரு ஊரே ரொட்டி தின்று படுத்தது. மூன்றாவதில் மாடுகள் தீவனத் தொட்டியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. பண்ணைக்காரருக்குச் சுருக்கென்று பட்டு, தீவனத்தைச் சோதனைக்கு அனுப்பினார். மூன்று இடத்திலும் ஒரே பூஞ்சை, ஒரே விஷம். போதாததற்கு அந்த நாடுகளின் துறைமுகத்தை ஒட்டிய வயல்களிலும் இப்போது கோதுமைக் கதிர்கள் இளஞ்சிவப்பாகத் திரும்ப ஆரம்பித்திருக்கின்றன. மூன்றுக்கும் கோதுமை போனது இந்தத் துறைமுகத்திலிருந்து. மூன்று சரக்குக்கும் சுத்தம் என்று இங்கே சான்று கொடுத்திருக்கிறார்கள்.

நான்காவது கப்பல் வெளியே சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. குழந்தைகளுக்குச் சத்துமாவு அரைக்கும் ஆலைக்குப் போகிற கோதுமை அது. சாயங்காலம் கயிறு அவிழ்ப்பார்கள்.

மேடம் ஒரு மூட்டையின் வாயைப் பிரித்து, முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். நல்ல மணிகளுக்கு நடுவே சுருங்கி, வெளுத்து, ஓரத்தில் சிவப்பு ஏறிய மணிகள் கிடந்தன. நசுக்கியதும் மாவாக உதிர்ந்தன. கதிர் பூக்கும் நேரத்தில் மழை விடாமல் பிடித்துக்கொண்டால் இந்தப் பூஞ்சை ஏறிவிடும். ஏறிய மணிக்குள் விஷத்தை வைத்துவிட்டுப் போகும். வேகவைத்தாலும் சுட்டாலும் அது லேசில் போகாது.

"அதான் கையில இருக்கே மேடம். கொண்டுபோய் அந்த அதிகாரி மேஜையில கொட்டிட்டு வந்துரலாம்."

அதைத்தான் காலையிலேயே செய்து பார்த்தாயிற்று. துறைமுக அதிகாரி நல்ல மனிதர்தான், ஆனால் சட்டத்தை மடியில் கட்டிக்கொண்டு பிறந்தவர். நீங்கள் பொறுக்கி எடுத்த ஒரு பிடியை நம்பி ஒரு கப்பலை நிறுத்த முடியாது என்றார். மூட்டைக்கு மூட்டை குத்தூசி போட்டு முறைப்படி எடுத்த மாதிரிக் கோதுமை, இங்குள்ள ஆய்வுக்கூடத்தில் தேறவில்லை என்று வரவேண்டும். வந்தால் நிறுத்துவார். வராவிட்டால் கப்பலும் போகும், வீண் தொல்லை தரும் இந்தப் பிரிவை இழுத்து மூடும்படி மேலே எழுதியும் போடுவார். இன்று காலை எடுத்த மாதிரியும் சுத்தம் என்றே வந்திருந்தது.

மூட்டையில் விஷம், மாதிரியில் இல்லை. மேடம் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு நடந்தார். அவர் நடப்பதற்குத் தும்மல் ஓட வேண்டியிருந்தது.

ஆய்வுக்கூடம் ஒரே ஒரு அறை. சன்னல் சாத்தியிருந்தது. சுவரில் ஏதோ கப்பல் கம்பெனியின் காலண்டர், உலகப் படம் போட்டது. அலமாரி நிறைய, போன ஒவ்வொரு கப்பலிலிருந்தும் எடுத்து வைத்த கோதுமைப் புட்டிகள். அந்த அறையின் அரசி முப்பது வயதுக்காரி. பேச்சில் வெட்டு ஒன்று துண்டு ரெண்டு. சந்தேகப்பட்டு வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததுமே மூன்று கப்பல்களின் புட்டிகளையும் இறக்கி வைத்தாள்.

"உங்க கண்ணு முன்னாலயே பண்றேன். அப்புறம் என் கையைச் சந்தேகப்படக் கூடாது," என்றாள்.

கோதுமையைக் கொட்டினாள், மூடிபோட்ட சின்ன மெஷினில் அரைத்தாள், திரவத்தில் கலக்கினாள், காகிதப் பட்டையை அதில் நிறுத்தினாள். இரண்டு சிவப்புக் கோடு வந்தால் சுத்தம், ஒரே கோடு வந்தால் விஷம். மேடம் நாற்காலியில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தார். மூன்று பட்டையிலும் இரண்டிரண்டு கோடு வந்தது.

"எங்க வீட்டில ரெண்டு கோடு வந்தப்ப எனக்கு இதைவிட அதிகமா வேர்த்துது," என்றான் தும்மல். அந்தப் பெண் சிரிக்காமல் இருக்கப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டாள்.

அந்தச் சமயம் பார்த்து வீட்டிலிருந்தே போன் வந்தது. மாமியார் கனவில் வந்தால்கூட அவன் மனைவி அலுவலக நேரத்தில் போன் செய்து சொல்லும் ஆள்தான். இன்றைக்குப் பிள்ளையைப் பற்றிய புகார். அவளுடைய அண்ணன் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் சத்துமாவில் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறார்கள். போன டின் வரைக்கும் கிண்ணத்தை நக்கிய பிள்ளை, இன்றைக்குப் பிரித்த புது டின்னை வாயில் வைத்தாலே துப்புகிறானாம்.

"உங்க அண்ணன் அனுப்பினதாச்சே. என் பிள்ளை இல்லையா, விவரம் தெரிய ஆரம்பிச்சிருச்சு," என்று சொல்லிவிட்டு, அவள் திட்டுவதற்குள் போனை வைத்தான்.

மேடம் அதற்குள் மேஜையில் பேனா டப்பாவுக்குப் பக்கத்திலிருந்த இன்ஹேலரைப் பார்த்துவிட்டிருந்தார். யாருடையது என்று கேட்டார்.

"என்னோடதுதான். போன வருஷம் வீசிங் படுத்தி எடுத்துச்சு, ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ப் போட்டாங்க. இப்ப மருந்து நல்லா கேக்குது. தொடறதே இல்ல." கொஞ்சம் பெருமையாகச் சேர்த்துக்கொண்டாள்: "சரக்கும் இப்பல்லாம் ரொம்பச் சுத்தமா வருது."

மேடம் ஒரு புட்டியை வெளிச்சத்தில் தூக்கிக் குலுக்கினார். வைத்தார். இன்னொன்றைக் குலுக்கினார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். வாசல் தாண்டியதும் தும்மலின் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ ஏன் தும்மல?"

"மேடம்?"

"குடோன்ல தும்மின. லாரிப் பக்கத்துல தும்மின. ஜீப் சீட்டுல ரெண்டு கோதுமை மணி ஒட்டியிருந்ததுக்குத் தும்மின. உள்ள மூணு புட்டிக் கோதுமையை உன் மூக்குக்குக் கீழ கொட்டினா அந்தப் பொண்ணு. நீ பாட்டுக்கு ஜோக் அடிச்சிட்டு உக்காந்திருந்த."

தும்மல் மூக்கைத் தொட்டுப் பார்த்தான். அது காய்ந்துபோய், நல்லபிள்ளையாக இருந்தது.

"அந்தப் புட்டியைக் குலுக்கிப் பார்த்தேன். கண்ணாடியில ஒரு பொட்டுத் தூசி ஒட்டல. மூட்டையிலிருந்து வந்த கோதுமை அப்படி இருக்காது. பொண்ணு பார்க்க வர்றாங்கன்னு யாரோ குளிப்பாட்டி, தலைசீவி அனுப்பியிருக்காங்க."

துறைமுகத்தில் கப்பல் ஒருமுறை ஊதியது. மேடத்தின் நடை இன்னும் வேகமானது. லேப் பெண் பொய் சொல்லவில்லை. அவளிடம் வந்து சேர்கிற கோதுமைதான் வேறு. அப்படியானால் மூட்டைக்கும் லேபுக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கொஞ்சத் தூரத்தில் ஏதோ நடக்கிறது. அந்தத் தூரத்தை நடப்பவர் ஒரே ஒருவர்தான்: மாதிரி எடுத்து வரும் குத்தூசிக்காரர்.

லாரிக்குப் பின்னால் ஒளிந்து அவரைப் பார்த்தார்கள். அமைதியான, அகலத் தோள் ஆசாமி. கடைசியாக வந்த லாரியில் மூட்டைக்கு மூட்டை குத்தூசியைச் செருகி இழுத்தார். உள்ளே குழல்விட்ட அந்தக் கம்பி வழியாகக் கோதுமை சரசரவென்று பையில் இறங்கியது. ஒரு மூட்டையையும் விடவில்லை. இதில் குற்றம் சொல்ல முடியாது என்று மேடமே முணுமுணுத்தார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிய மனிதர், லேப் இருக்கும் திசைக்குப் போகாமல் மோட்டார் அறைக்குப் பின்பக்கமாகத் திரும்பினார்.

"மாத்தறான் மேடம். எழுதி வெச்சுக்குங்க. அங்க ஒரு பை நல்ல கோதுமை ரெடியா இருக்கும். எவ்வளவு வாங்கியிருப்பான்னு நெனக்கிறீங்க?"

மேடம் வாயில் விரலை வைத்தார். இருவரும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நகர்ந்தார்கள். சுவரின் மறுபக்கத்தில் சர், சர் என்று சீரான ஒரு சத்தம் கேட்டது. எட்டிப் பார்க்கலாம் என்று தும்மல் தலையை நீட்டிய நொடியில் அவன் மூக்கு காலை வாரிவிட்டது. ஊரே கேட்கும்படி தும்மினான்.

ஒளிந்து பிரயோசனம் இல்லை என்று மேடம் நேராகவே போய் நின்றார். குத்தூசிக்காரர் ஓடவில்லை. கையில் சல்லடையோடு அப்படியே நின்றார். சல்லடையில் முத்து முத்தாக நல்ல மணிகள். கீழே ஒரு தகர டின்னில் தூசி, குருணை, அத்தோடு சுருங்கிச் சிவந்த மணிகள் அத்தனையும்.

வேறு பை எதுவும் அங்கே இல்லை. தும்மல் இரண்டுமுறை தேடிப் பார்த்து ஏமாந்தான்.

எந்த வியாபாரி சொல்லி இதைச் செய்கிறீர்கள் என்று மேடம் கேட்டார். குரலை உயர்த்தவில்லை, ஆனால் பாதம் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. யாரும் சொல்லவில்லை என்றார் அவர். பணமா என்றதற்குத் தலையை ஆட்டினார். அப்புறம் எதற்கு என்றதும் சல்லடையைக் கீழே வைத்துவிட்டு, லேப் இருக்கும் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"அவகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

"யார்கிட்ட?"

"லேப்ல இருக்கிறவ. என் வீட்டுக்காரி."

போன வருடம் ஒரு சாம்பிள் பையைப் பிரித்தவள் அப்படியே மேஜைமேல் சாய்ந்துவிட்டாளாம். மூச்சு உள்ளே போகாமல் முகம் நீலம் பாய்ந்ததை இவர் கண்ணால் பார்த்திருக்கிறார். தூசி இனி ஆகாது, வேலையை விடச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். அவளிடம் அதை எடுத்தாலே எரிந்து விழுந்தாள். படித்துப் பட்டம் வாங்கி வந்த வேலை அது. அதற்குமேல் இவர் பேசவில்லை. ஒரு சல்லடை வாங்கினார்.

"தூசிதான் போகுதுன்னு நெனச்சேன்மா. சொத்தை மணி கொஞ்சம் விழும். நல்ல கோதுமையைத்தானே குடுக்கிறோம், இதுல என்ன தப்புன்னு..."

பூஞ்சை ஏறிய மணி சுருங்கித்தான் இருக்கும். சல்லடையில் முதலில் விழுவது அதுதான். விஷத்தை எல்லாம் பொறுமையாகப் பிரித்துத் தகர டின்னில் போட்டுவிட்டு, மிச்சத்தை மனைவியிடம் கொண்டுபோய் நீட்டியிருக்கிறார் மனிதர். மூட்டைகளுக்கு ஏது சல்லடை? அவை அப்படியே கப்பல் ஏறிப் போயிருக்கின்றன. ஒரு திருடனைப் பிடிக்க வந்த மேடத்துக்குக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. தும்மலுக்கோ வாயிலிருந்த கிண்டல் எல்லாம் வற்றிப்போய்விட்டது. இந்த மனிதரைப் பார்க்கவே அவனுக்குப் பாவமாக இருந்தது.

"சொல்லாம முடியாது," என்றார் மேடம்.

சொன்னது அவர்தான். லேப் மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு சுருக்கமாகச் சொன்னார். அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருந்தாள். கணவர் வாசற்படியிலேயே தலை குனிந்து நின்றார். கேட்டு முடித்ததும் அவள் இன்ஹேலரைக் கையில் எடுத்து அதையே பார்த்தாள்.

"மருந்து கேக்குதுன்னு நெனச்சேன்," என்றாள்.

கப்பல் மறுபடி ஊதியது. மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார். தகர டின்னில் இருப்பதைச் சோதித்து உபயோகமில்லை. அதை மாதிரி என்று அதிகாரி ஒப்புக்கொள்ள மாட்டார். புதிதாகக் குத்தூசி போட வேண்டும், சல்லடை படாமல் வர வேண்டும், அதிகாரப்பூர்வக் கை வேண்டும். குத்தூசிக்காரர் தானே போய் எடுத்து வருவதாகச் சொன்னார்.

"நீங்க எடுத்தது இனிமே செல்லாதுங்க," என்றாள் மனைவி. இன்ஹேலரைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, அவர் கையிலிருந்த குத்தூசியை வாங்கினாள். அவர் விடவில்லை. வேண்டாம்மா, வேற ஆளை வரச் சொல்லலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று என்னென்னவோ சொன்னார்.

"மூணு நாட்டுக்குச் சுத்தம்னு கையெழுத்துப் போட்டது நான். அந்தப் பிள்ளைங்களுக்கும் மூச்சுதானே? விடுங்க."

அவர் விட்டார்.

கைக்குட்டையை இறுகக் கட்டிக்கொண்டு அவள் மூட்டைகளுக்குள் நுழைந்ததைத் தும்மல் அதற்குப் பிறகு மறக்கவில்லை. அவன் ஒரு பக்கம் தும்ம, அவள் ஒரு பக்கம் இரும, இருவருமாக அந்தக் கிடங்கை ஒருவழி ஆக்கினார்கள். பாதியில் ஒருமுறை அவள் குனிந்து மூட்டைமேல் கையை ஊன்றிக்கொண்டாள். கணவர் ஓடிவந்தார். அவள் இன்ஹேலரை இழுத்துவிட்டு, அவரைக் கையால் விலக்கிவிட்டு அடுத்த மூட்டையில் குத்தினாள்.

லேபில் பையை அவிழ்த்ததும் தும்மலுக்கு வந்தது பாருங்கள், அப்படி ஒரு தும்மல். அலமாரிப் புட்டிகள் கிணுகிணுத்தன. மேடம் முதல்முறையாக அவனைப் பார்த்துச் சிரித்தார். பட்டையை நிறுத்திவிட்டு எல்லோரும் நின்றார்கள். மேடம்கூட நடக்காமல் நின்றார்.

ஒரு கோடு வந்தது. இரண்டாவது வரவில்லை.

தேறவில்லை என்று எழுதி அவள் கையெழுத்துப் போட்டாள். தும்மல் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு துறைமுகம் வரை ஒரே ஓட்டமாக ஓடினான். அதிகாரி கண்ணாடியைப் போட்டு இருமுறை படித்தார். பிறகு போனை எடுத்து, கயிற்றில் கைவைத்திருந்தவர்களை நிறுத்தச் சொன்னார். திரும்பி வரும்போது தும்மல் ஊருக்கே கேட்கும்படி ஏதாவது பாட்டுப் பாடலாமா என்று யோசித்துக்கொண்டு வந்தான்.

லேபுக்குள் யாரும் கொண்டாடிக்கொண்டிருக்கவில்லை. அந்தப் பெண் காலண்டருக்கு முன்னால் சிவப்புப் பேனாவோடு நின்றிருந்தாள். மூச்சு இன்னும் சீராகவில்லை. கணவர் பக்கத்தில் இன்ஹேலரைப் பிடித்துக்கொண்டு நின்றார், கூப்பிட்டால் கொடுக்க.

"மூணு கப்பல்னு மேடம் சொன்னாங்க," என்றாள் தும்மலிடம். "அது உங்களுக்குத் தெரிய வந்த மூணு. இவர் சல்லடையைக் கையில எடுத்ததுல இருந்து போன எல்லாமே அப்படித்தானே போயிருக்கு?"

அவள் உலகப் படத்தில் ஒவ்வொரு புள்ளியாக வைத்துக்கொண்டு போனாள். எந்த ஊர், எந்த ஆலை என்று புட்டிகளைப் பார்க்காமலே சொன்னாள். மேடம் ஒவ்வொன்றுக்கும் போன் போட ஆரம்பித்திருந்தார். ஒரு கண்டத்தின் ஓரத்தில் பேனா இறங்கியது.

"இது சில மாசம் முன்னால போன கப்பல். இதுவும் மாவு ஆலைதான். குழந்தைங்க சத்துமாவு."

தும்மல் அந்தப் புள்ளியைப் பார்த்தான். மச்சான் இருக்கும் நாடு. தொட்டியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட மாடுகள் அவனுக்கு ஞாபகம் வந்தன. போனை எடுத்து வீட்டு எண்ணை அழுத்தினான்.

மனைவி எடுத்தாள். பின்னால் பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தான்.

"கஞ்சி குடுத்துட்டியா?"

"எங்க குடுக்கிறது? வாயைத் திறந்தாத்தானே. மூக்கைப் பிடிச்சாவது ஊத்திரலாம்னு இப்பதான் மடியில போட்டேன். எங்க அண்ணன் அவ்வளவு ஆசையா அனுப்பினது..."

"கிண்ணத்தைக் கீழ வை. டின்னை மூடி எடுத்து வை, யாரும் தொடவேணாம்."

உங்க குரல் ஏன் இப்படி இருக்கு என்று அவள் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. அவனைத் திட்டாத," என்றான். "காலையிலேயே சொல்லிட்டான் அவன். எனக்குத்தான் கேக்கல."